எதிரே இறங்கும் பெட்டி

கதவு சாத்திக்கொண்டது. இனி மேலே போய்ச் சேரும்வரை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நிமிஷம்கூட ஆகாதும்மா என்றாள் மாதங்கி, கீழ் நிலையத்து வாசலில் என்னைக் காரிலிருந்து இறக்கிவிட்டபோது. என் மகள் எதையும் குறைத்துத்தான் சொல்வாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவளுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. "பதினோரு மணிக்குத்தானே வரச் சொன்னார், இப்போ பத்து நாப்பது. இவ்வளவு சீக்கிரம் போய் என்ன பண்ணப் போறே?" "மலையிலிருந்து ஊரைப் பார்க்கிறேன்." "நீயா? அங்க இருக்கிற போர்டையெல்லாம் படிச்சிட்டு, அதுல ரெண்டு தப்பு கண்டுபிடிச்சிட்டு இருப்பே. சரின்னாலும் எனக்குச் சந்தோஷம், வேண்டாம்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லு. நடுவுல ஆயிரத்தி எண்ணூத்தி எழுபதுல என்ன நடந்துச்சுன்னு ஆரம்பிக்காதே." ஆரம்பிக்க மாட்டேன் என்றேன். ஆனால் 1870-இல்தான் இது நடந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த வருஷம் மே மாதம்தான் பிட்ஸ்பர்க்கின் இந்தச் சரிவில் முதல் தடவையாகச் சாய்வு ரயில் பெட்டி ஏறியது, இன்றுவரை ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று படிக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கூரையும் பெஞ்சும் வைத்ததுபோல ஒரு பெட்டி. தண்டவாளம் சாய்ந்திருக்கிறது, பெஞ்சு நேராக இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்குத் தான் சரிவில் இருப்பதே தெரியாது; ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஊர்தான் சாய்ந்திருக்கிறது. மேலே கதிரேசன் காத்திருப்பார். அறுபத்தாறு வயது, காரைக்குடிக்காரர், முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரின் எஃகு ஆலைகளில் உலோகம் பரிசோதித்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். எனக்கு அறுபத்தொன்று. திண்டுக்கல்லில் நூலகராக இருந்தேன், கணவர் போய் ஒன்பது வருஷம். வியாழக்கிழமை எனக்கு விமானம். அதற்குள் அவரைக் கல்யாணம் செய்துகொள்வேனா மாட்டேனா என்று சொல்லியாக வேண்டும். அதாவது இன்றைக்கு. அதாவது இந்தப் பெட்டி நின்றதும்.

நகர ஆரம்பித்துவிட்டது. சத்தமே இல்லை, எங்கோ தலைக்கு மேல் ஒரு சக்கரம் முனகுகிறது, அவ்வளவுதான். பெட்டியில் என்னைத் தவிர ஒரு தம்பதி. அந்தப் பெண் பட்டுப்புடவைக்கு மேல் பெரிய கோட்டு போட்டிருக்கிறாள், நெற்றியில் இன்னும் ஈரம் காயாத குங்குமம், மடியில் கோயில் கேன்டீனின் புளியோதரைப் பொட்டலம். வெளியூரிலிருந்து இங்கே வெங்கடாசலபதியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மத்தியானத்துக்கு முன் இந்த ரயிலில் ஒரு தடவை ஏறி இறங்குவார்கள் என்று மாதங்கி சொல்லியிருக்கிறாள். "ஏனுங்க, அப்படியே பழனி விஞ்சாட்டவே இருக்குதுங்க," என்கிறாள் அந்தப் பெண். "பழனியில கூட்டம் இருக்கும். இங்க ஆளே இல்ல." "அங்க மேல சாமி இருக்கும். இங்க மேல என்ன இருக்குது?" "காபிக் கடை இருக்குது, வா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் அதைப் பார்த்துவிட்டாள். விஞ்ச் என்பது மேலே இருந்து இழுக்கிற இயந்திரத்தின் பெயர், பெட்டியின் பெயர் அல்ல என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. சொல்லக்கூடாது. இருபத்தெட்டு வருஷ நூலக வேலையில் இப்படித் திருத்தித் திருத்தி நான் இழந்த சிநேகிதங்களை ஒரு அலமாரியில் அடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு சிநேகிதம் திருத்தியதால் கிடைத்தது. அதே கோயில் கேன்டீன் வரிசை, ஆகஸ்ட் மாதம், எனக்கு முன்னால் காவி நிறத்தில் கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், இந்த ஊரில் ஒரு காலத்தில் மொத்தம் பதினேழு சாய்வு ரயில்கள் ஓடின என்று. ஆகஸ்டில் கம்பளிக் குல்லாய். நான் அவர் முதுகிடம் சொன்னேன், "பதினேழுன்னும் சொல்றாங்க, அதுக்கு மேலயும் சொல்றாங்க. நிலக்கரி ஏத்தினதையெல்லாம் சேர்க்கிறதா வேண்டாமாங்கிறதைப் பொறுத்தது." அவர் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?" என்றார், அவ்வளவு பசியோடு, கையிலிருந்த தட்டை மறந்து. மாதங்கி வீட்டுக்கு அடுத்த தெரு நூலகத்தில் படித்தது. மகள் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க ஒரு வீட்டில் தனியாக இருக்கிறவள் வேறு என்ன செய்வாள், எனக்குத் தொலைக்காட்சி பிடிக்காது.

அதன் பிறகு தினமும் ஒரு செய்தி வரும். வேறு ஆண்கள் பூப்படமும் காலை வணக்கமும் அனுப்புகிற வயதில் இவர் சாய்வு ரயில் அனுப்பினார். டுபியூக் என்ற ஊரில் ஒரு வங்கிக்காரர், 1882, வங்கி மலைக்குக் கீழே, வீடு அதற்கு நேர் மேலே, ஆனால் குதிரை வண்டியில் சுற்றிக்கொண்டு போக அரை மணி நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைத்ததோ ஒன்றரை மணி நேரம். போகிற வருகிற நேரம் போக, சாப்பிட்ட பிறகு கண் அசர நேரம் இல்லை. அதனால் அந்த மனிதர் தன் ஒருவருக்காக மலையில் தண்டவாளம் போட்டார், தோட்டக்காரர் மேலே நின்று அவரை ஏற்றி இறக்கினார். 'நாகரிகம் முன்னேறுவது மத்தியானத் தூக்கத்தால்தான்' என்று முடித்திருந்தார் கதிரேசன். நான் பதில் போட்டேன், 'அந்தத் தோட்டக்காரர் எப்போது தூங்கினார் என்று ஏதாவது குறிப்பு உண்டா?'  மறுநாள் காலையில், 'தேடிப் பார்த்தேன். இல்லை. வெட்கமாக இருக்கிறது.' அந்த ஒரு சொல்லில்தான் ஏதோ நடந்தது என்று நினைக்கிறேன். பிறகு சின்சினாட்டி, ஐந்து குன்றுகளில் ஐந்து ரயில்கள், உச்சியில் சாராயக் கூடமும் நடன மண்டபமும், கடைசி ரயில் 1948-இல் நின்றது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு குட்டி ரயில், இரண்டு பெட்டிகள், சீனாய், ஒலிவேட் என்று இரண்டு மலைகளின் பெயர்கள். அதை 1969-இல் கழற்றி மூட்டை கட்டி இருபத்தேழு வருஷம் கிடங்கில் போட்டு, பிறகு கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில் திரும்பப் பொருத்தினார்கள். அந்தச் செய்திக்கு மட்டும் நான் பதில் போடவில்லை. மூட்டை கட்டுவது என்றால் எனக்குத் தெரியும். என் கணவர் வங்கி அதிகாரி, மாற்றல் உத்தரவு வந்தால் அவர் ரயில் ஏறிப் போய் வேலையில் சேர்ந்துவிடுவார், பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவதும் மாதங்கியின் பள்ளிக்கூடச் சான்றிதழ் வாங்குவதும் நான். என் வேலையில் இரண்டு தடவை சம்பளமில்லாத விடுப்பு, மூன்று தடவை மன்றாடி மாற்றல். அவர் இருந்தவரை எந்த ஊரிலும் எந்த நூலகத்திலும் நான் எண் போட்டு அடுக்கி வைத்த அலமாரி இரண்டு வருஷத்துக்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை. கெட்டவர் அல்ல. அது வேறு பேச்சு. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"ஆன்ட்டி, நீங்க தமிழுங்களா?" என்கிறாள் பட்டுப்புடவைப் பெண். ஆமாம், திண்டுக்கல் என்கிறேன். "அட, நாங்க உடுமலைங்க. பக்கத்துல வந்துட்டீங்க." இவ்வளவு தூரம் வந்து எல்லாமே பக்கத்து ஊராகிவிடுகிறது. "தனியாவா வந்தீங்க?" "மேலே ஒருத்தர் காத்திருக்கார்." "வீட்டுக்காரருங்களா?" "இன்னும் இல்லை." சொன்ன பிறகுதான் காதில் விழுகிறது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அந்த 'இன்னும்' எங்கிருந்து வந்தது? அந்தப் பெண் ஒரு நொடி கண்ணை அகலமாக்கிவிட்டு, நல்ல வளர்ப்பு, புளியோதரைப் பொட்டலத்தை நீட்டுகிறாள். "ஒரு வாய் எடுத்துக்குங்க, பிரசாதம்." எடுத்துக்கொள்கிறேன், வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை. அவள் கணவர் ஜன்னலில் மூக்கை வைத்துக் கீழே பார்க்கிறார். ஆறு, அதன் மேல் மஞ்சள் பாலங்கள், பழுப்பும் சிவப்புமாக மரங்கள். "இந்தக் கம்பி அறுந்தா என்னாகும்?" "வாயக் கழுவுங்க மாமா, பிரசாதம் சாப்பிடறப்ப." நான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதற்கு இரண்டாவதாக ஒரு காப்புக் கம்பி உண்டு, ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும் என்கிறேன். சின்சினாட்டியில் 1889-இல் ஒரு பெட்டி விழுந்தது, ஆட்கள் செத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் இங்கிதம் வந்திருக்கிறது. "அப்போ எஞ்சின் ரொம்பப் பெருசா இருக்கோணும், இவ்வளவு பேரை இழுக்குது," என்கிறார். இல்லை. அதுதான் இதில் அழகு. நாம் மேலே போகும்போது இன்னொரு பெட்டி கீழே வருகிறது, இரண்டும் ஒரே கம்பியின் இரண்டு முனைகள். இறங்குகிறவன் எடையே ஏறுகிறவனைத் தூக்குகிறது. எஞ்சின் மிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைத்தான் கதிரேசன் கல்யாணத்துக்கு உவமையாகச் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுச் சமையலறையில், மாதங்கி வேண்டுமென்றே வெளியே போய் போன் பேசிக்கொண்டிருந்தபோது. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகும் வழியில், அவர் தெருவுக்கு இரண்டு சிக்னல் முன்னாலேயே, மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வருகிறவர்களை எதிர்கொண்டு போய்க் கூட்டி வர வேண்டும், எங்கள் பக்கம் அப்படித்தான் என்றார், சொட்டச் சொட்ட. காரில் வந்த நாங்கள் அவரை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். யார் யாரைக் கூட்டிப் போனது என்று மாதங்கி இன்றுவரை கேலி செய்கிறாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார், "அங்கயற்கண்ணி, யாரும் யாரையும் இழுக்க வேண்டாம். ஒருத்தர் எடை இன்னொருத்தரை லேசாக்கும், அவ்வளவுதான். யோசிச்சு, புதன்கிழமை காலையில பதினோரு மணிக்கு மேல் ஸ்டேஷன்ல சொல்லுங்க. நான் அங்கேயே நிக்கிறேன்." நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நூலகர் புத்தி, உவமையைப் புரட்டிப் பின் அட்டையைப் பார்த்தது. ஒரு பெட்டி ஏற வேண்டுமானால் மற்றது இறங்கியே ஆக வேண்டும். யார் இறங்குவது? அவருக்கு இந்த ஊர், அந்த வீடு, தோட்டத்தில் அவர் மனைவி நட்ட கறிவேப்பிலைத் தொட்டிகள், குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கி வைத்துக் கோடையில் வெளியே வைப்பவை. எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு மாடி, முதல் முறையாக யாரும் மூட்டை கட்டச் சொல்லாத ஒன்பது வருஷம், சனிக்கிழமைதோறும் மாடியில் கூடிப் படித்துவிட்டுச் சண்டை போடும் பதினோரு பேர். எங்கே இருப்போம் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் நீங்கள் சொல்கிறபடி என்பார், நான் உங்கள் வசதிப்படி என்பேன், இரண்டு பேரும் கையைக் காட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்போம், கடைசியில் பெட்டியைக் கட்டுவது நான்தான், பழக்கம். அதுதான் பயம். அவர் மீது அல்ல. என் கை மீது, அது சாக்கையும் கோணி ஊசியையும் தேடிப் போகிற வேகத்தின் மீது.

இந்தத் தண்டவாளத்தைக் கட்டிய, பிரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன் எஞ்சினியருக்குக் கரோலின் என்று ஒரு மகள். அப்பாவுக்கு வேலையில் துணை நின்றாள், அந்தக் காலத்தில் பெண் எஞ்சினியர் என்றால் ஊர் வேடிக்கை பார்த்த நாட்களில். பிறகு அதே தொழிலில் இருந்த ஒருவரை மணந்தாள், அவர் நாடெங்கும் சாய்வு ரயில்களாகக் கட்டித் தள்ளினார். அவள் பெயர் புத்தகத்தில் அதன் பிறகு வருவதே இல்லை. இறங்கிய பெட்டி. அல்லது ஒருவேளை அவள் சந்தோஷமாக இருந்திருக்கலாம், சந்தோஷத்துக்குப் பொருளடக்கத்தில் இடம் கிடையாது. "அதோ, எதிர்ப்பெட்டி வருதுங்க," என்கிறாள் உடுமலைப் பெண். ஆமாம், நடுவழி வந்துவிட்டது. பக்கத்துத் தண்டவாளத்தில் மூன்று படிக்கட்டுகளாக இறங்கி வருகிறது. இரண்டு பெட்டிகளும் சந்திப்பது இந்த ஒரு இடத்தில்தான், ஒரு நொடி. எல்லோரும் கையை ஆட்டுவார்கள், ரயில் கடந்தால் நம் ஊரிலும் ஆட்டுவோம், முன்பின் தெரியாதவர்கள்தான், அதனால்தான் அவ்வளவு தாராளம். நானும் கையைத் தூக்குகிறேன். எதிர்ப்பெட்டியின் கடைசிப் படியில் ஒரே ஒரு ஆள். காவிக் குல்லாய். மடியில் ஒரு சின்ன கறிவேப்பிலைத் தொட்டி. குனிந்து அதன் இலையில் தூசி தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்கிறார், என்னைப் பார்க்கிறார், எழுந்து நிற்கிறார், கண்ணாடியில் கையை வைக்கிறார், வாய் என்னவோ சொல்கிறது, எனக்குக் கேட்கவில்லை, கடந்துவிட்டது. என் கை இன்னும் மேலேயே இருக்கிறது.

என்னை எதிர்கொண்டு அழைக்க இறங்கிப் போகிறார். பதினோரு மணிக்கு வருகிறவளைக் கீழேயே வரவேற்றுக் கூட்டி வர இருபது நிமிஷம் முன்னாலேயே கிளம்பியிருக்கிறார். நான் அவரைக் காக்க வைக்கக்கூடாது என்று இருபது நிமிஷம் முன்னாலேயே ஏறியிருக்கிறேன். மரியாதை என்று ஒன்று இல்லாதிருந்தால் இந்நேரம் ஒரே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருப்போம். "ஆன்ட்டி, அந்தக் குல்லாய்க்காரர் உங்களப் பார்த்துத்தானே எந்திரிச்சாரு? அவருதானுங்களா, அந்த இன்னும்?" நான் தலையாட்டுகிறேன். "போன் போடுங்க." என் போனில் இருப்பது ஊர் சிம், மாதங்கி வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்தால் அது வெறும் கடிகாரம், அதனால் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவர் எண் மனப்பாடம் இல்லை, அந்தப் பெண்ணின் போனில் அடிக்கவும் வழியில்லை. 1870 மனப்பாடம், 1882 மனப்பாடம். பெட்டி மெல்ல நிற்கிறது. அவருடையதும் இதே நொடியில் கீழே நின்றிருக்கும், ஒரே கம்பி. கதவு திறக்கிறது. "அப்படியே உட்காருங்க ஆன்ட்டி, இதுலயே திரும்பக் கீழே போயிருங்க," என்கிறாள். "போனா அவரு மேல வந்திருவாருல்ல," என்கிறார் கணவர். "ஒருத்தரு இறங்குனா இன்னொருத்தரு ஏறித்தான் ஆகோணும். ரெண்டு பேரும் தேடித் தேடிப் போனா நடுவுல கண்ணாடி வழியாத்தான் பார்த்துக்க முடியும், நாள் முழுக்க. யாராவது ஒருத்தரு சும்மா நிக்கோணும்." "அப்போ யாரு நிக்கறது?" "அதை அவங்கதான் பேசி வெச்சிருக்கோணும்." "பேச முடியலைன்னுதானே மாமா பிரச்சினையே."

இறங்கி மேடையில் நிற்கிறேன். பெட்டி கதவைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. என் கால் அதை நோக்கி அரை அடி போய்விட்டது. போய்த்தான் இருக்கும், நாற்பது வருஷமாகப் போகிற கால். பழனியில், கல்யாணமான முதல் மாதம், என் கணவருக்குப் படியேறுகிற வேண்டுதல், பெட்டியும் பையுமாக என்னை விஞ்சில் அனுப்பி, மேலே இறங்குகிற இடத்தில் நில் என்றார். நின்றேன். முக்கால் மணி நேரம். மயங்கி விழுந்திருப்பாரோ என்று பயந்து திரும்ப விஞ்சில் இறங்கினேன், அந்த நேரத்தில் அவர் மேலே வந்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் சந்தித்தபோது மாலையாகிவிட்டது. நிக்கச் சொன்ன இடத்துல நிக்கத் தெரியாதா உனக்கு என்றார், பக்கத்தில் பத்துப் பேர் கேட்க. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள், எத்தனையோ பிளாட்பாரங்கள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றிருக்கிறேன், கிளம்பச் சொன்ன நேரத்தில் கிளம்பியிருக்கிறேன். நானாக ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே நின்றதாக நினைவில்லை. இப்போது நின்றால் என்ன ஆகும்? அவரும் நான் வருவேன் என்று கீழேயே நின்றுவிட்டால்? அவர் எஃகு ஆலைக்காரர், கணக்குப் போடுகிறவர். நான் இறங்கத்தான் செய்வேன், நான் அப்படிப்பட்டவள் என்று கணக்குப் போட்டுக் கீழேயே நின்றிருந்தால், வருகிற பெட்டி காலியாக வரும். அப்போது எனக்குப் பதில் தெரிந்துவிடும். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான் போலிருக்கிறது, அவர் குணம் அல்ல, பணிவு அல்ல, உவமை அல்ல. நான் அசையாமல் நின்றால் அவர் வருகிறாரா.

கதவு சாத்திக்கொண்டது, என்னை வெளியே விட்டு. தம்பதி காபிக் கடையை மறந்து எனக்கு இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், தேர் பார்க்கிற மாதிரி. பெட்டி காலியாக இறங்குகிறது. நான் இல்லாமல் ஒரு பெட்டி என்னை விட்டுக் கிளம்புவதை முதல் தடவையாகப் பார்க்கிறேன், என்ன ஆச்சரியம், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கம்பி மட்டும் ஓடுகிறது, எண்ணெய் பூசின கறுப்புக் கம்பி, மேலே வருகிறதா கீழே போகிறதா என்று கம்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடுவழியில் இரண்டு கூரைகளும் ஒன்றையொன்று கடக்கின்றன. காலிப்பெட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டு ஒருவர் எழுந்து நிற்கிறாரா, அல்லது அது கதவின் நிழலா, இந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டும், டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. "குல்லாய்," என்கிறாள் உடுமலைப் பெண், மூச்சை விட்டு. "குல்லாய் வருது ஆன்ட்டி."

வெளியே வந்தவர் ஓடி வந்தவர்போல மூச்சு வாங்குகிறார், ரயில்தான் ஏறியிருந்தாலும். தொட்டியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். "கீழே நின்னு யோசிச்சேன், நீங்க இறங்கி வந்துடுவீங்கன்னு. நானும் ஏறினா மறுபடி தவறிடுமேன்னு. அப்புறம், வராட்டி நீங்க தனியா நிப்பீங்களேன்னு ஏறிட்டேன். கணக்குப்படி அது தப்பான முடிவு." "ஆமா. நான் இறங்கியிருந்தா?" "நடுவுல இன்னொரு தடவை பார்த்திருப்பேன்."  "நிக்கச் சொன்ன இடத்துல," என்று ஆரம்பிக்கிறேன், யாருடைய வாக்கியம் என்பது பாதியில் தெரிகிறது, நிறுத்தாமல் சொல்லி முடிக்கிறேன், "நிக்கத் தெரியாதா உங்களுக்கு?" அதே சொற்கள். என் வாயில் எவ்வளவு வேறு மாதிரி இருக்கின்றன. "இனிமே தெரிஞ்சுக்கிறேன்," என்கிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதில்?" தம்பதி திடீரென்று பாலங்களை ரசிக்க ஆரம்பிக்கிறார்கள். என்னைப் பெண் பார்க்க வந்து பஜ்ஜி தின்றவர்கள் எல்லோரும் எழுந்து போகும்போது சொன்ன ஒரே வாக்கியம் இருக்கிறது, நாற்பது வருஷமாகத் திருப்பிச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தேன். "ஊருக்குப் போய் லெட்டர் போடுறேன்." அவர் முகம் விழுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். "ஆனா இந்த விலாசத்துக்குப் போட மாட்டேன். திண்டுக்கல் வந்து என் மாடியில நேர்ல வாங்கிக்கணும்."

அவர் என்னைப் பார்க்கிறார், கையிலிருக்கிற செடியைப் பார்க்கிறார், மறுபடி என்னை. "விமானத்துல செடி கொண்டுவர விட மாட்டாங்களே," என்கிறார். "அங்கே கறிவேப்பிலை கிடைக்கும்," என்கிறேன். இதைக் கேட்டு ஏன் சிரிக்கிறார் என்று தெரியவில்லை. "நாங்க கார்லதானுங்க வந்தோம்," என்று உடுமலைப் பெண் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டுகிறாள், அவர் தொட்டியை அந்தக் கையில் வைக்கிறார்.